அகலப்பாதை ரயில் மாதிரிகள்: அயர்லாந்தும் சென்னை வட்டாரமும்

ரயில் மாதிரி என்பது உண்மையான என்ஜின், பெட்டி, வேகன் ஆகியவற்றை ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்யும் வடிவம். விளையாட்டுப் பொருளாகத் தொடங்கிய இது 20ஆம் நூற்றாண்டில் ரயில்வே வரலாற்றைப் பதிவுசெய்யும் வழிகளில் ஒன்றாகவும் ஆனது. பாதையின் அகலம் உலகப் பொது அளவிலிருந்து மாறுபடும் நாடுகளில் இந்த வேலை கடினமானது. அயர்லாந்தும் இந்தியாவும் அத்தகைய நாடுகள். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் இரண்டு நாட்டுக்கும் பொருந்தாது. அதனால், ஒரு பழைய என்ஜினைச் சரியாகச் செய்ய நினைப்பவர் அதன் வரைபடத்தையும் அளவையும் தானே தேடிப் போக வேண்டியிருக்கிறது.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் நிலையத்தில் நின்று பார்த்தால் சிக்கல் என்னவென்று புரியும். சென்னை–கும்மிடிப்பூண்டித் தடத்தில் ஓடும் புறநகர் மின்ரயிலின் பெட்டி 3,658 மி.மீ. அகலம் கொண்டது, அதாவது சரியாக 12 அடி. அது ஓடும் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,676 மி.மீ., அதாவது 5 அடி 6 அங்குலம். பிரிட்டனில் பரவலாக உள்ள 1:76 என்ற விகிதத்தில் இந்த ரயிலைச் சுருக்கினால் பெட்டியின் அகலம் 48 மி.மீ. வரும், தண்டவாளங்களின் இடைவெளி 22 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் கடையில் கிடைப்பது 16.5 மி.மீ. தண்டவாளம்தான். அதன் மேல் 48 மி.மீ. அகலப் பெட்டியை வைத்தால் முக்காலியில் யானையை நிறுத்தியது போல இருக்கும். உண்மையான ரயிலில் பெட்டியின் அகலம் பாதையின் அகலத்தைப் போல 2.18 மடங்கு, மாதிரியில் அது 2.9 மடங்காகிவிடுகிறது.

அயர்லாந்தின் பாதை 5 அடி 3 அங்குலம், அதாவது 1,600 மி.மீ. அதே 1:76 விகிதத்தில் அதற்கு 21 மி.மீ. தேவை. அங்கேயும் கடையில் கிடைப்பது 16.5 மி.மீ. தான். அயர்லாந்துக்காரருக்கு 4.5 மி.மீ. குறைகிறது, இந்தியருக்கு 5.5 மி.மீ. குறைகிறது.

அளவுகள் வந்த வழி

இந்த இரண்டு அகலங்களும் பத்தாண்டுகளுக்குள் அடுத்தடுத்து முடிவானவை. அயர்லாந்தின் முதல் ரயில்பாதை டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுனுக்கு 1834 டிசம்பரில் திறக்கப்பட்டது. அது இங்கிலாந்தைப் பின்பற்றி 4 அடி 8½ அங்குல அகலத்தில் அமைந்தது. 1839இல் பெல்ஃபாஸ்டிலிருந்து லிஸ்பர்னுக்குத் திறக்கப்பட்ட அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலத்தைத் தேர்ந்தது. டப்ளின்–ட்ரோகடா ரயில்வே செலவைக் குறைக்க 5 அடி 2 அங்குலம் போதும் என்றது. ஒரே தீவில் மூன்று அகலங்கள். டப்ளினிலிருந்து வடக்கே வரும் பாதையும் பெல்ஃபாஸ்டிலிருந்து தெற்கே வரும் பாதையும் ஒருநாள் சந்தித்தே ஆக வேண்டும் என்ற நிலையில் அல்ஸ்டர் நிறுவனம் லண்டனிலுள்ள வணிக வாரியத்திடம் முறையிட்டது.

வாரியத்தின் ரயில்வே ஆய்வுத் தலைவராக இருந்தவர் மேஜர் ஜெனரல் சார்லஸ் பாஸ்லி. அவர் அக்காலப் பொறியாளர்களிடம் கருத்துக் கேட்டார். கிடைத்த விடைகள் 5 அடிக்கும் 5 அடி 6 அங்குலத்துக்கும் இடையில் இருந்தன என்றும், அவர் நடுவில் உள்ள 5 அடி 3 அங்குலத்தை எடுத்துக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. 1846ஆம் ஆண்டின் பாதை அகலச் சட்டம் அதை அயர்லாந்து முழுமைக்கும் கட்டாயமாக்கியது. அல்ஸ்டர் ரயில்வே தன் பாதையை மாற்றிப் போட்டது. கிங்ஸ்டவுன் பாதை 1857இல் மாற்றப்பட்டது. எவரும் முதலில் கேட்காத ஓர் அளவு இப்படி ஒரு நாட்டின் அளவானது.

இந்தியாவின் கதையும் அந்த வணிக வாரியத்தின் நிழலில்தான் நடந்தது. அயர்லாந்தில் அகலச் சிக்கல் எழுந்த காலத்தில் வாரியத்தில் பொறுப்பிலிருந்து, 1845இல் அதன் தலைவராகவும் ஆன டல்ஹவுசி, 1848இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். ஒரே நாட்டில் பல அகலங்கள் இருந்தால் என்ன நேரும் என்பதை அவர் நேரில் பார்த்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் முதலில் நினைத்தது இங்கிலாந்தின் 4 அடி 8½ அங்குலம். அரசின் ஆலோசகப் பொறியாளர் சிம்ஸ் 5 அடி 6 அங்குலத்தைப் பரிந்துரைத்தார். கூடுதலாகக் கிடைக்கும் சுமார் 9 அங்குலத்தில் என்ஜின் பாகங்களை வசதியாக அமைக்கலாம், கொதிகலனைத் தாழ்த்தி வைக்கலாம் என்பது அவர் வாதம். டல்ஹவுசிக்கோ 6 அடிதான் விருப்பம். முடிவில் 5 அடி 6 அங்குலம் நிலைத்தது.

ராயபுரத்திலிருந்து 1856 ஜூலை 1 அன்று புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அந்த அகலத்தில்தான் ஓடியது. சென்னையையும் விஜயவாடாவையும் இணைத்து, 1899இல் கிழக்குக் கடற்கரை நெடுகத் தொடர்ந்து ரயில் ஓட வழிசெய்த பாதையும் அதே அகலம். மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாம் அப்பாதையில்தான் உள்ளன. இதற்கெல்லாம் முன்பே, 1837இல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கல் ஏற்றிச் செல்ல ஓர் இருப்புப்பாதை இருந்தது. இந்த வட்டாரத்தில் மாதிரி செய்ய வேண்டிய முதல் வண்டி நியாயமாக அதுதான். ஆனால் பார்த்துச் செய்வதற்கு அதன் வண்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

16.5 மி.மீ. எப்படிப் பொதுவானது

மாதிரி உலகின் பொது அளவுக்கும் ஒரு விபத்தான வரலாறு உண்டு. 1:87 விகிதத்தில் 4 அடி 8½ அங்குலப் பாதையைச் சுருக்கினால் 16.5 மி.மீ. கிடைக்கும். எச்.ஓ. எனப்படும் இந்த அளவு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரியாகப் பொருந்தியது. பிரிட்டனின் என்ஜின்கள் உருவில் சிறியவை. அக்கால மின்மோட்டார்கள் அவற்றின் சுருங்கிய உடலுக்குள் அடங்கவில்லை. அதனால் பிரிட்டன் நிறுவனங்கள் உடலை மட்டும் 1:76க்குப் பெரிதாக்கி, தண்டவாளத்தை 16.5 மி.மீ. ஆகவே விட்டுவிட்டன. இதுவே ஓ.ஓ. எனப்படும் அளவு. 1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோ வரிசை இதைப் பரப்பியது. டப்ளோ என்ற பெயர் இரட்டை ஓ என்பதன் சுருக்கம். டப்ளின் நகருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதன் விளைவு விசித்திரமானது. ஓ.ஓ. மாதிரியில் பிரிட்டனின் ரயிலே குறுகிய பாதையில்தான் ஓடுகிறது, அங்கே 16.5 மி.மீ. என்பது 4 அடி 1½ அங்குலத்துக்குச் சமம். பிரிட்டன் மாதிரியாளர்கள் ஏழு அங்குலக் குறையைக் கண்டும் காணாமல் பழகிவிட்டார்கள். அயர்லாந்து மாதிரிக்கு அதே தண்டவாளத்தில் குறைவது பதின்மூன்றரை அங்குலம். இந்திய மாதிரிக்குப் பதினாறரை அங்குலம், அதாவது பாதையின் கால் பங்கு.

குறுகிய பாதைகளில் நிலைமை தலைகீழ். டொனகல், மேற்கு கிளேர் போன்ற அயர்லாந்துப் பகுதிகளில் ஓடிய 3 அடிப் பாதை ரயில்களை 1:76இல் சுருக்கினால் சரியாக 12 மி.மீ. வரும், அந்தத் தண்டவாளம் கடையில் கிடைக்கும். நம் மீட்டர் பாதையும் 1:87இல் 11.5 மி.மீ.; சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதை மலை ரயில்களுக்காக விற்கப்படும் 12 மி.மீ. தண்டவாளத்தில் அது ஏறக்குறையப் பொருந்திவிடும். பெரிய ரயிலுக்குத் தண்டவாளம் கிடைக்காது, சிறிய ரயிலுக்குக் கிடைக்கும்.

உண்மையான என்ஜினே உதிரிப்பாகத் தொகுப்பாக வந்த கதை

அயர்லாந்து மாதிரியாளர்கள் நீண்டகாலம் பிரிட்டன் மாதிரிகளை வாங்கி, அயர்லாந்து வண்ணம் பூசி ஓட்டினார்கள். நிறுவனங்களும் அப்படிச் செய்தன. பிரிட்டனில் மட்டுமே ஓடிய டீசல் என்ஜினின் மாதிரி அயர்லாந்தின் காவி வண்ணத்தில் விற்பனைக்கு வந்ததுண்டு. வரலாறு தெரிந்தவர்கள் இதைக் கேலி செய்வார்கள். ஆனால் ஒரு வகை என்ஜினுக்கு மட்டும் இந்த உத்தி முழுக்க நியாயமானது.

முதல் உலகப் போர் முடிந்ததும் லண்டனை அடுத்த வுல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை குறைந்தது. தொழிலாளர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு அங்கே நூறு நீராவி என்ஜின்களுக்கான பாகங்களைச் செய்வித்தது. தென்கிழக்கு இங்கிலாந்தில் ஓடிய என் வகுப்பு என்ஜினின் வடிவமைப்பு அது. செய்தபின் வாங்க ஆளில்லை. 1924இல் டப்ளினின் மிட்லண்ட் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 12 என்ஜின்களுக்கான பாகங்களை மலிவாக வாங்கி, தன் பிராட்ஸ்டோன் பணிமனையில் 5 அடி 3 அங்குல அகலத்துக்கு ஏற்பப் பூட்டியது. அடுத்த ஆண்டு பல நிறுவனங்கள் இணைந்து உருவான கிரேட் சதர்ன் ரயில்வேஸ் மேலும் வாங்கியது. மொத்தம் 26 என்ஜின்கள் இப்படி எழுந்தன. ஊழியர்கள் அவற்றுக்கு வுல்விச் என்றே பெயரிட்டார்கள்.

பெட்டியில் வந்த பாகங்களை வாங்கி, சக்கரத்தை மட்டும் அகலமாக்கிப் பூட்டுவது இன்றைய மாதிரியாளர் செய்யும் வேலையேதான். பாக்மன் நிறுவனத்தின் என் வகுப்பு மாதிரி பின்னாளில் அயர்லாந்து வண்ணத்திலும் வந்தபோது அதைக் கேலி செய்ய எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

இதற்கு வெளியே உள்ள அயர்லாந்து என்ஜின்கள் எவற்றுக்கும் அந்த வசதி இல்லை. 1866 முதல் 1903 வரை 111 எண்ணிக்கையில் கட்டப்பட்ட ஜே15 வகை, அயர்லாந்தில் மிக அதிகமாக இருந்த என்ஜின். கிராமத்துச் சந்தை ரயிலிலிருந்து சரக்கு ரயில் வரை இழுத்தது. நூறாண்டுக்குக் கிட்ட உழைத்த அந்த வகையில் இன்று 184, 186 என்ற இரண்டே எஞ்சியுள்ளன. பிரிட்டனில் அதைப் போன்ற மாதிரி இல்லாததால் பித்தளைத் தகட்டை வெட்டி மடித்துப் பற்றவைத்துத்தான் பெரும்பாலோர் அதைச் செய்தார்கள்.

சிரில் ஃப்ரை

அயர்லாந்து மாதிரி ரயில்களின் வரலாறு டப்ளின் நகரின் சர்ச்டவுன் பகுதியிலிருந்த ஒரு வீட்டு மாடியறைக்குத் திரும்பத் திரும்ப வந்து சேர்கிறது. அங்கே வாழ்ந்த சிரில் ஃப்ரை இன்ச்சிகோர் பணிமனையில் வரைவாளராகவும் பொறியாளராகவும் வேலை பார்த்தவர். 1846இல் தொடங்கப்பட்ட இன்ச்சிகோர், அயர்லாந்தின் மிகப் பெரிய ரயில்வே பணிமனை. நம் பெரம்பூரைப் போன்றது என்று சொல்லலாம்.

1930களிலிருந்து 1972இல் இறக்கும்வரை ஃப்ரை மாதிரிகள் செய்தார். மனைவியும் உதவினார். மற்ற மாதிரியாளர்களிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. அலுவலகத்தில் அவர் கையில் புழங்கியவை உண்மையான என்ஜின்களின் வரைபடங்கள். ஒரு புகைபோக்கி எவ்வளவு உயரம், ஓட்டுநர் அறையின் கூரை எங்கே வளையத் தொடங்குகிறது என்பதையெல்லாம் புகைப்படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. பெரிய முகப்பு என்ஜின்களோடு அவர் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. பெட்டிகள், வேகன்கள், டிராம்கள் என்று நாட்டில் ஓடியவற்றின் ஒரு குறுக்குவெட்டையே செய்துவைத்தார்.

அவர் செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அசல்கள் மறைந்துகொண்டிருந்தன. டப்ளின் டிராம் 1949இல் நின்றது. ஹோத் குன்றின் டிராமும் டொனகல் ரயில்வேயும் 1959இல் நின்றன. மேற்கு கிளேர் ரயில்வே 1961இல் மூடப்பட்டது. அயர்லாந்தின் இரு அரசுகளும் கூட்டாக நடத்திய கிரேட் நார்தர்ன் ரயில்வே 1958 அக்டோபர் 1 அன்று கலைக்கப்பட்டு, அதன் என்ஜின்களும் பெட்டிகளும் வடக்குக்கும் தெற்குக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டன. குடும்பச் சொத்தைப் பிரிப்பது போல ஒவ்வொரு வகையிலும் பாதி இங்கே, பாதி அங்கே. தெற்கில் 1963 வாக்கில் நீராவி முடிந்தது. டீசல் வந்தபின் பழையவை இரும்புக் கடைக்குப் போயின.

1939இல் இன்ச்சிகோரில் கட்டத் தொடங்கிய 800 வகுப்பு என்ஜின்கள் மூன்றே மூன்று. அயர்லாந்தில் ஓடியவற்றுள் வலிமை மிக்க பயணிகள் ரயில் என்ஜின்கள் அவை. பழங்கதை அரசிகளின் பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டன. இன்று எஞ்சியிருப்பது மேவ் ஒன்றுதான், பெல்ஃபாஸ்ட் அருகே கல்ட்ரா அருங்காட்சியகத்தில். ஆலிவர் புல்லீட் 1957இல் கட்டிய சி.சி.1 என்ற என்ஜின் நிலக்கரிக்குப் பதில் அயர்லாந்தின் சதுப்புநிலத்தில் வெட்டியெடுக்கும் மக்கிய கரியை எரித்து ஓடியது. நிலக்கரி குறைவான நாட்டில் இருப்பதைக் கொண்டு ரயில் ஓட்டும் முயற்சி அது. சோதனைகளுக்குப் பின் ஓரங்கட்டப்பட்டு, 1965இல் உடைக்கப்பட்டது. அதை இன்று காண வேண்டுமானால் மாதிரியில்தான் காண முடியும்.

ஃப்ரையின் மாதிரிகள் 1988 முதல் டப்ளினுக்கு வடக்கேயுள்ள மலஹைட் கோட்டையில் காட்சிக்கு இருந்தன. 2010இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டுப் பத்தாண்டு பெட்டிகளில் கிடந்தன. 2020 ஜனவரியில் அதே ஊரின் கசீனோ மாளிகையில் மீண்டும் திறக்கப்பட்டன. ஓடும் ரயில்களைப் பார்க்கப் பிள்ளைகள் வருகிறார்கள். ஃப்ரை கையால் செய்தவை கண்ணாடிப் பேழைகளில் நிற்கின்றன. அவற்றை ஓட்டித் தேய்க்காதது சரியான முடிவு. பல வண்டிகளுக்கு முப்பரிமாணத்தில் எஞ்சிய சான்று அவைதான்.

வண்ணமும் வேகனும்

அளவு கிடைத்தாலும் வண்ணம் கிடைப்பதில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் சிவப்பு கருமையாகவும் நீலம் வெளிறியும் பதியும். கிரேட் நார்தர்ன் நிறுவனம் 1930களில் தன் விரைவு என்ஜின்களுக்கு வான்நீலம் பூசியது. அக்காலப் படங்களில் அது சாம்பல் போலத் தெரியும். பாதுகாக்கப்பட்டுள்ள மெர்லின் என்ற 1932ஆம் ஆண்டு என்ஜினைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும், படத்தை மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாது. இந்தியாவிலும் இதே கதைதான். ஐ.சி.எஃப். பெட்டிகள் செங்கல் நிறத்திலிருந்து 1990களில் நீலத்துக்கு மாறின. அந்தச் செங்கல் நிறம் எந்தச் சிவப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும்.

வேகன்களின் நிலை இன்னும் மோசம். என்ஜினைப் படமெடுக்கப் பலர் உண்டு. பின்னால் வரும் வேகனைப் படமெடுத்தவர் குறைவு. அயர்லாந்தில் சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய ரயில்கள் ஒரு நல்ல உதாரணம். மேல்மூடி இல்லாத இரண்டு பழைய வேகன்களின் உடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பற்றவைத்து, ஒரே சட்டத்தில் ஓடும் உயரமான வேகன் ஆக்கினார்கள். கைவசம் இருந்ததை வைத்துச் செய்த ஒட்டுவேலை. அது சர்க்கரைத் தொழிற்சாலை மூடப்படும்வரை, 2000களின் நடுப்பகுதி வரை ஓடியது. இணைத்த தையல் எங்கே இருந்தது என்பதை அருகில் நின்று அளந்தவர்களால்தான் இன்று அந்த வேகன் துல்லியமான மாதிரியாக முடிந்திருக்கிறது. இப்போது சில நிறுவனங்கள் அயர்லாந்து மாதிரிகளைத் தொழில்முறையில் செய்கின்றன. விரும்புபவர் 21 மி.மீ. சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளும்படி உள்ளே இடம் விட்டும் வடிவமைக்கிறார்கள். இருநூறு ஆண்டுக்குக் கிட்டிய அகல வழக்கு இப்படியாக ஒரு மேசைமேல் தீர்ந்துவருகிறது.

சென்னையில்

இந்தியாவில் இத்தகைய மாதிரி மரபு மெலிந்தது. புனேயில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் பெயர் பெற்றது. சென்னையில் ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டி 2002இல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகத்தில் அசல் பெட்டிகளோடு மாதிரிகளும் உள்ளன. ஆனால் ஃப்ரையின் வேலைக்கு இணையானது சென்னையில் முழு உருவிலேயே நடந்தது.

லீட்ஸ் நகரின் கிட்சன் நிறுவனம் 1855இல் கிழக்கிந்திய ரயில்வேக்காகக் கட்டிய 21ஆம் எண் என்ஜின், ஃபேரி குயின் என்று புகழ்பெற்ற 22ஆம் எண்ணின் உடன்பிறப்பு. 1909இல் ஓய்வு பெற்றபின் நூறாண்டு காட்சிப்பொருளாக நின்று துருவேறிக் கிடந்தது. பல பாகங்கள் இல்லை. அதைப் பெரம்பூர் என்ஜின் பணிமனை எடுத்துச் சீர்செய்து, இல்லாதவற்றைப் புதிதாகச் செய்து, 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஓட்டிக்காட்டியது. அயர்லாந்தின் கார்க் நிலையத்தில் இதே போன்ற சக்கர அமைப்பு கொண்ட, 1847இல் கட்டிய 36ஆம் எண் என்ஜின் மேடையில் நிற்கிறது. அதைத் தொடுவதில்லை, ஓட்டுவதும் இல்லை. பழைய இரும்பைப் பாதுகாப்பதா, ஓட்டிக்காட்டப் புதிய இரும்பைச் சேர்ப்பதா என்பதில் இரு ஊரும் இரு பக்கம். பெரம்பூரின் வழியில் அசலின் ஒரு பகுதி போய்விடுகிறது. ஆனால் அந்தப் பாகங்களை வெட்டி வார்த்துப் பூட்டிய தொழிலாளருக்கு 1855இன் என்ஜின் எப்படி வேலை செய்தது என்று கை அறிந்துவிட்டது. கண்ணாடிப் பேழை அதைக் கற்பிக்காது. நீலகிரி மலை ரயிலுக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனை 2011க்குப் பிறகு புதிதாகக் கட்டிய நீராவி என்ஜின்களும் இதே வகை அறிவின் விளைவு.

தப்பாதவையும் உண்டு. சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 மே மாதத்தில் தொடங்கிய மீட்டர் பாதை மின்ரயில் எழுபது ஆண்டுக்கு மேல் ஓடியது. முதலில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம், 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம். மீட்டர் பாதையில் இப்படியொரு புறநகர் மின்சேவை இந்தியாவில் வேறெங்கும் இல்லை. 2004இல் அது அகலப்பாதைக்கு வழிவிட்டது. லட்சக்கணக்கானோர் நாள்தோறும் தொங்கிக்கொண்டு போன அந்தப் பெட்டியின் கதவகலம், இருக்கை வரிசை, ஜன்னல் கம்பி இவற்றை அளந்து வைத்திருந்தால், அந்த ரயிலை மேசைமேல் ஓட்டத் தடையே இல்லை. தண்டவாளம் ஏற்கெனவே கடையில் இருக்கிறது, 12 மி.மீ.

வடக்குத் தடத்தில் மாற்றம் அமைதியாக நடக்கிறது. 1979இல் கும்மிடிப்பூண்டி வரை மின்கம்பி வந்தது. நீராவியும் டீசலும் இழுத்த பயணிகள் ரயில்களின் இடத்தை மின்ரயில் பிடித்தது. வெற்றிட பிரேக்கும் நான்கு சக்கரமும் கொண்ட பழைய மூடுவேகன்கள் மறைந்து, எட்டுச் சக்கரமும் காற்று பிரேக்கும் கொண்ட பெரிய வேகன்கள் வந்தன. மீஞ்சூர் நடைமேடையில் நிற்பவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளும்படி கரித்தூள் பறக்கப் போகும் நிலக்கரி ரயில்களில் உள்ளவை பெரும்பாலும் பி.ஓ.எக்ஸ்.என். வகை. ஒன்று 10.7 மீட்டர் நீளம்; 1:76இல் 14 செ.மீ. 58 வேகன் கொண்ட முழு ரயில் மாதிரியில் 8 மீட்டரைத் தாண்டும். 12 பெட்டி மின்ரயிலுக்கோ மூன்றேகால் மீட்டர் போதும், ஒரு வீட்டுக் கூடத்தில் அடங்கிவிடும்.

நான்கு சக்கர மூடுவேகனை அளக்க இனி எங்கேனும் ஒரு பணிமனை மூலையில் கைவிடப்பட்ட உடல் கிடைத்தால்தான் உண்டு. பி.ஓ.எக்ஸ்.என். வேகன் இன்றும் மீஞ்சூர் வழியே நாள்தோறும் போகிறது. அதன் பக்கத்தகட்டில் எண்ணும், சுமையெடையும், கடைசியாகப் பழுதுபார்த்த பணிமனையின் சுருக்கமும் தேதியும் வெள்ளை எழுத்தில் உள்ளன.